ஐந்தாவது சில்லின் கதை

அரசியலையும் நாட்டு நடப்பையும் எழுதிப் பழகிய எனக்கு வாகனங்களைப் பற்றி எழுதும் வழக்கம் அதிகம் இல்லை. ஆயினும் அண்மையில் என்னைப் பார்க்க வந்திருந்த மருமகன் முறையான ஒருவர் கேட்ட கேள்வி இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அவர் பழைய ஜீப் ஒன்றை வாங்கி, அதன் நான்கு ரயர்களையும் கழற்றிவிட்டுப் பெரிய ரயர்களைப் பூட்டியிருந்தார். பின்கதவில் தொங்கிய மேலதிகச் சில்லு மட்டும் பழைய அளவிலேயே இருந்தது.

"மாமா, இந்த ஸ்பெயார் வீலையும் மாத்தத்தான் வேணுமோ? ரயர் விற்கிற விலை தெரியுந்தானே. இது சும்மா தொங்கிக்கொண்டுதானே இருக்குது?" என்று கேட்டார்.

"சும்மா தொங்குகிறது" என்ற அந்தச் சொற்கள் என்னை 2005 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்துக்குக் கொண்டு சென்றன.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை கிழக்குக் கரையை அழித்துச் சென்று சில நாட்களே ஆகியிருந்தன. செய்தி சேகரிப்பதற்காகச் சென்றிருந்த நானும் இன்னும் இருவரும், நிவாரணப் பொருட்களை ஏற்றிச் சென்ற வாடகை ஜீப் ஒன்றில் அக்கரைப்பற்றிலிருந்து திருக்கோவில் பக்கமாகப் பயணம் செய்துகொண்டிருந்தோம். வண்டியில் பால்மாப் பெட்டிகளும், குடிநீரைச் சுத்திகரிக்கும் மாத்திரைகளும், சில மருந்துகளும் இருந்தன. பாடசாலை ஒன்றில் அமைக்கப்பட்டிருந்த முகாமுக்கு அன்று மாலைக்குள் அவை போய்ச் சேர வேண்டும். வழி நெடுகிலும் இடிந்த வீடுகளின் மரச் சட்டங்கள் ஆணிகளோடு கிடந்தன. அவற்றுள் ஒன்று எமது பின்சில்லைப் பதம் பார்த்தது.

சாரதி இளைஞர். கெட்டிக்காரர். பத்து நிமிடத்தில் மேலதிகச் சில்லைப் பூட்டிவிட்டார். அது மற்றைய மூன்றையும்விடச் சற்றுக் குட்டையானது என்பதை நாங்கள் எல்லோரும் கண்டோம். ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. வீதி சேதமடைந்திருந்ததால் சிறிது தூரம் ஈர மணலில் இறங்கிச் செல்ல வேண்டியிருந்தது. சாரதிகள் "ஃபோர் வீல்" என்று சொல்லும் நான்கு சில்லு இழுவைக்கு வண்டியை மாற்றினார். மணலில் வண்டி நன்றாகவே ஓடியது. மறுபடி தார் வீதியில் ஏறியதும் நெம்புகோலைப் பழைய நிலைக்குத் தள்ள முயன்றார். அது அசையவில்லை. இறுகிப் போயிருந்தது. நேரமில்லை என்று அப்படியே ஓட்டினார். சில கிலோமீற்றர் போனதும் அடியிலிருந்து இரும்பு உடையும் ஓசை கேட்டது. வண்டி நின்றுவிட்டது.

அன்றிரவு நாங்கள் வீதியோரத்திலேயே தங்கினோம். பால்மா மறுநாள் நண்பகலில்தான் அந்த முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே கைக்குழந்தைகளோடு இருந்த தாய்மார் இரவு முழுவதும் வெறும் வெந்நீரைக் கொடுத்துச் சமாளித்ததாகச் சொன்னார்கள். ஒருவரும் எங்களைக் குறை கூறவில்லை. அதுதான் மனதை அதிகம் வருத்தியது.

மறுநாட் காலையில் வந்த வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பதற்கு முன்னரே சில்லுகளைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு வெண்கட்டியை எடுத்தார். வண்டியைத் தள்ளச் சொல்லி, குட்டைச் சில்லு ஒரு சுற்றுச் சுற்றும் தூரத்தைத் தரையில் கோடிட்டுக் காட்டினார். பின்னர் முன்சில்லுக்கும் அவ்வாறே செய்தார். இரு கோடுகளுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு சாண் வித்தியாசம் இருந்தது. "இந்த ஒரு சாண்தான் தம்பி உங்களை ராத்திரி முழுக்க இஞ்ச வைச்சிருந்தது" என்றார்.

அந்த ஒரு சாணின் வரலாற்றைப் பின்னர் தேடிப் படித்தேன். அதையே இங்கு சொல்ல விரும்புகிறேன்.

காற்றடைத்த சில்லும் ஸ்டெப்னியும்

எமது முன்னோரின் மாட்டு வண்டிக்கு மேலதிகச் சில்லு இருந்ததில்லை. குடமும் ஆரக்கால்களும் வட்டையும் மரத்தாலானவை. வட்டையின் மேல் இரும்புப் பட்டம். அது தேயும், உடையும். ஆனால் ஒரு முள் குத்தியதனால் வண்டி நின்றுவிடாது. இரண்டு சில்லுகளையும் ஒரே தச்சர் ஒரே அளவில் செய்து கொடுப்பார். ஒன்று குட்டையானால் வண்டி ஒரு பக்கம் சரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

காற்றடைத்த ரயர் வந்த பின்னர்தான் மேலதிகச் சில்லின் தேவை எழுந்தது. 1888 இல் பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த ஜோன் டன்லொப் என்ற மிருக வைத்தியர் தமது மகனின் மூன்று சில்லுச் சைக்கிளுக்காகக் காற்றடைத்த ரயரை உருவாக்கினார். 1895 இல் பாரிஸிலிருந்து போர்டோவுக்குச் சென்று திரும்பும் ஓட்டப் போட்டியில் மிஷலின் சகோதரர்கள் அதனை மோட்டார் காரில் பூட்டி ஓடினர். அவர்கள் வெற்றி பெறவில்லை. வழி முழுவதும் ரயரில் காற்றுப் போய்க்கொண்டே இருந்தது. ஆயினும் காற்றில் மிதந்து செல்லும் சுகத்தை உலகம் கண்டுகொண்டது. அதற்கான விலையையும் கண்டுகொண்டது.

அக்காலத்தில் சில்லைக் கழற்ற முடியாது. அது அச்சோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். காற்றுப் போனால் வீதியோரத்தில் அமர்ந்து, ரயரை வட்டையிலிருந்து நெம்பி எடுத்து, ரியூபுக்கு ஒட்டுப் போட்டு, மறுபடி மாட்டிக் கையால் காற்றடிக்க வேண்டும். குதிரைகளின் லாடத்திலிருந்து கழன்ற ஆணிகள் நிறைந்த வீதிகளில் ஒரே பயணத்தில் இதனைப் பல தடவை செய்ய நேர்ந்தது.

இதற்கு வழி கண்டவர்கள் வேல்ஸ் நாட்டின் லனெத்லி என்ற சிறு நகரைச் சேர்ந்த டேவிஸ் சகோதரர்கள். 1904 இல் அவர்கள் ஆரக்கால்கள் இல்லாத ஒரு வட்டையில் காற்றடித்த ரயரைப் பூட்டி விற்கத் தொடங்கினர். காற்றுப் போன சில்லைக் கழற்றாமல், அதன் பக்கத்தில் இவ்வட்டையைக் கொக்கிகளால் இறுக்கிக்கொண்டு பயணத்தைத் தொடரலாம். அவர்களது பட்டறை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி வீதி. அப்பெயரே பொருளுக்கும் ஆயிற்று. தமிழகத்தில் இன்றும் மேலதிகச் சில்லை "ஸ்டெப்னி" என்றே சொல்கின்றனர். மோல்ட்டாவிலும் அப்பெயர் வழங்குகிறது. பிரேசிலில் அது "எஸ்தெப்பே" ஆகிவிட்டது. நாம் இலங்கையில் "ஸ்பெயார் வீல்" என்று சொல்லிப் பழகியதால் இவ்வழகான கதை எம்மிடம் வந்து சேரவில்லை.

அதன் பின்னர் கழற்றிப் பூட்டக்கூடிய சில்லுகள் வந்தன. ஸ்டெப்னியின் காலம் முடிந்தது. ஆனால் ஒரு புதிய கேள்வி பிறந்தது: கொண்டு செல்லும் ஒரே ஒரு சில்லு எந்தச் சில்லுக்குப் பதிலாகும்?

இரண்டு அளவும் ஒரே சில்லும்

இக்கேள்வியின் கூர்மையை விளக்க ஹென்றி ஃபோர்டின் "ரி" மாதிரிக் காரைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி கார்கள் விற்பனையான வண்டி அது. அதன் முன்சில்லின் ரயர் 30 அங்குல உயரமும் 3 அங்குல அகலமும் கொண்டது. பாரத்தைத் தாங்கும் பின்சில்லின் ரயர் அதே 30 அங்குலம் என்று குறிக்கப்பட்டாலும் அகலம் 3½ அங்குலம். அகலம் கூடியதனால் அதன் வட்டை சிறியது. ஆகவே முன்ரயர் பின்னுக்குப் பொருந்தாது. பின்ரயர் முன்னுக்குப் பொருந்தாது. எச்சரிக்கையான மனிதர் இரு அளவிலும் ரயர்களைக் கட்டிச் செல்ல வேண்டியிருந்தது.

1919 இல் வட்டையோடு கழற்றக்கூடிய சில்லுகளை ஃபோர்ட் நிறுவனம் அறிமுகம் செய்தபோது அவற்றுக்கு நான்கு பக்கமும் 30 க்கு 3½ என்ற ஒரே அளவையே வைத்தது. முன்சில்லுக்கு அவ்வளவு அகலம் தேவைப்படவில்லை. ஆனால் ஐந்தாவது சில்லு எங்கும் பொருந்த வேண்டுமானால் நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும். வண்டியின் வடிவமைப்பையே மேலதிகச் சில்லு நிர்ணயித்த சந்தர்ப்பம் அது என்று சொல்லலாம்.

போர்க்காலம் வகுத்த கணக்கு

இரண்டாம் உலகப் போர் இந்த ஐந்து என்ற எண்ணைச் சட்டமாகவே ஆக்கியது. 1942 பெப்ரவரி 15 ஆம் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவினதும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளினதும் இறப்பர் தோட்டங்கள் ஜப்பானியர் வசமாயின. நேச நாடுகளுக்கு எஞ்சிய முக்கியமான இயற்கை இறப்பர் நாடு இலங்கைதான். 1876 இல் கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் நடப்பட்ட பிரேசில் நாட்டுக் கன்றுகளின் வழிவந்த மரங்கள் அதிகபட்சப் பாலைத் தரும்படி வெட்டப்பட்டன. 1942 ஏப்ரலில் கொழும்பும் திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு உள்ளானமை நாம் அறிந்ததே.

அமெரிக்காவில் போர்க்காலப் பங்கீட்டுக்கு முதலில் உட்பட்ட பொருள் சீனியோ பெற்றோலோ அல்ல. ரயர்தான். 1942 ஜனவரியிலேயே அது பங்கீட்டுக்கு வந்துவிட்டது. பின்னர் பெற்றோல் பங்கீட்டு அட்டை பெற விரும்பிய கார் உரிமையாளர், தம்மிடம் ஐந்து ரயர்களுக்கு மேல் இல்லை என்று எழுத்தில் உறுதியளிக்க வேண்டியிருந்தது. மிகுதியை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். இறப்பருக்காக உயிரைக் கொடுத்துப் போரிட்ட காலத்திலும் நான்கு போதும் என்று எவரும் சொல்லவில்லை. ஐந்தாவது சில்லு ஆடம்பரமன்று என்பதை அந்த அரசாங்கம் ஏற்றுக்கொண்டிருந்தது.

அதே போரின் பிள்ளைதான் ஜீப். 1941 க்கும் 1945 க்கும் இடையில் வில்லிஸ், ஃபோர்ட் ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு இலட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைக் கட்டின. எல்லாவற்றுக்கும் 6.00-16 என்ற ஒரே அளவு ரயர். பின்புறத்தில் தொங்கிய ஐந்தாவதும் அதே அளவு. அதுமட்டுமன்று. ஜீப் இழுத்துச் சென்ற சிறிய இழுவைப் பெட்டிக்கும் அதே சில்லுகள்தாம். ஆகவே ஜீப்பின் மேலதிகச் சில்லு பெட்டிக்கும் உதவும். பெட்டியின் சில்லு ஆபத்துக்கு ஜீப்புக்கும் உதவும். வில்லிஸ் கட்டிய வண்டியின் சில்லை ஃபோர்ட் கட்டிய வண்டியில் பூட்டலாம். போர்முனையில் பழுதடைந்து கிடக்கும் ஒரு ஜீப் மற்றொரு ஜீப்புக்கு உதிரிப்பாகக் களஞ்சியம் ஆயிற்று. ரயர் அளவு என்பது படைத்துறையின் பார்வையில் வசதி பற்றிய விடயமன்று. வழங்கல் பற்றிய விடயம்.

ஒரே ஆணித் துளை, வெவ்வேறு உயரம்

போர் முடிந்ததும் இங்கிலாந்தின் றோவர் நிறுவனத்தைச் சேர்ந்த மொறிஸ் வில்க்ஸ், வேல்ஸில் உள்ள தமது பண்ணையில் போரில் எஞ்சிய ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அதன் வழியாகப் பிறந்ததே லாண்ட் றோவர். 1948 ஏப்ரல் 30 ஆம் திகதி அம்ஸ்ரடாம் மோட்டார்க் கண்காட்சியில் அது வெளியிடப்பட்டது. ஜீப்பின் 6.00-16 அளவே அதற்கும் வந்தது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலும் அரச திணைக்களங்களிலும் அவ்வண்டி பல தசாப்தங்கள் உழைத்ததை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள்.

இங்கேதான் எம்மவர் பலர் விழுந்த குழி இருக்கிறது. லாண்ட் றோவரில் குட்டை வண்டியும் நெட்டை வண்டியும் இருந்தன. 88 அங்குலக் குட்டை வண்டிக்கு 6.00-16. பாரம் ஏற்றும் 109 அங்குல நெட்டை வண்டிக்கு 7.50-16. இரண்டுக்கும் சில்லைப் பூட்டும் ஆணிகள் ஐந்து. துளைகளும் ஒரே இடைவெளியில் அமைந்தவை. ஒன்றன் சில்லை மற்றதில் பூட்டினால் கச்சிதமாகப் பூட்டும். பூட்டியவருக்கு எல்லாம் சரி என்றே தோன்றும்.

ரயரின் பக்கத்தில் எழுதியுள்ள எண்களை வாசிக்கத் தெரிந்தால் இக்குழியில் விழ வேண்டியதில்லை. 7.50-16 என்பதில் 7.50 ரயரின் அகலம். 16 உள்வட்டையின் விட்டம். இரண்டும் அங்குலத்தில். ரயரின் முழு உயரம் அதில் எழுதப்படவில்லை. எமது மக்கள் கடையில் கேட்பதோ "பதினாறு ரயர் இருக்கா?" என்று. பதினாறு என்பது சில்லு ரயருக்குள் பொருந்துமா என்பதைச் சொல்லும். தரையில் எப்படி உருளும் என்பதைச் சொல்லாது. 6.00-16 ரயரின் முழு உயரம் ஏறத்தாழ 73 சதமமீற்றர். 7.50-16 ரயரின் உயரம் ஏறத்தாழ 81 சதமமீற்றர். இரண்டும் "பதினாறு" தான்.

இக்கால ரயர்களில் கணக்குப் பார்ப்பது இன்னும் எளிது. உதாரணமாக 265/70R16 என்றிருந்தால் அகலம் 265 மில்லிமீற்றர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 70 பங்கு, அதாவது 185.5 மில்லிமீற்றர். மேலும் கீழுமாக அதை இரட்டிப்பாக்கி, 16 அங்குல வட்டையின் 406 மில்லிமீற்றரைக் கூட்டினால் முழு உயரம் 777 மில்லிமீற்றர். இப்போது 265/65R17 என்ற ரயரைக் கணக்கிட்டுப் பாருங்கள். வட்டை 17 அங்குலம். ஆனால் முழு உயரம் 776 மில்லிமீற்றர். வட்டை வேறு, உருளும் உயரம் ஒன்றே. மறுபுறம் 285/75R16 என்ற ரயரின் வட்டை 16 அங்குலந்தான். அதன் முழு உயரமோ 834 மில்லிமீற்றர். எண்ணைப் பார்த்து ஏமாறுவது எவ்வளவு எளிது என்பதை வாசகர்கள் உணரலாம்.

ஒரு சாண் எப்படி இரும்பை உடைத்தது?

சாதாரண காரில் உயரம் சற்றுக் குறைந்த சில்லைப் பூட்டிச் சில மைல் ஓடினால் பெருங்கேடு விளைவதில்லை. நான்கு சில்லு இழுவை வண்டியில் நிலைமை வேறு.

ஒரு திருப்பத்தில் வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு உட்பக்கச் சில்லைவிட அதிக தூரம் ஓட வேண்டும். அந்த வேறுபாட்டுக்கு இடங்கொடுப்பதற்காகவே அச்சின் நடுவில் டிபரன்ஷியல் என்ற பற்சக்கரத் தொகுதி உள்ளது. அது இடத்துக்கும் வலத்துக்கும் இடையிலான வேறுபாட்டைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் ஜீப், பழைய லாண்ட் றோவர் போன்ற வண்டிகளில் நான்கு சில்லு இழுவையைப் போட்டதும் முன்னச்சும் பின்னச்சும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டுவிடும். முன்னுக்கும் பின்னுக்கும் இடையிலான வேறுபாட்டைத் தாங்க எதுவும் இல்லை.

81 சதமமீற்றர் உயரமான சில்லு ஒரு கிலோமீற்றர் ஓட ஏறத்தாழ 393 தடவை சுற்றும். 73 சதமமீற்றர் சில்லு ஏறத்தாழ 436 தடவை சுற்ற வேண்டும். பின்னச்சில் ஒரு பக்கம் குட்டைச் சில்லு இருந்தால், இரு பக்கத்தினதும் சராசரியாக அந்த அச்சு முன்னச்சைவிடக் கிலோமீற்றருக்கு 20 சுற்றுக்கும் மேல் அதிகம் சுற்ற வேண்டும். பழைய லாண்ட் றோவரின் அச்சுப் பற்சக்கர விகிதம் 4.7. ஆகவே கியர்ப் பெட்டியிலிருந்து அச்சுக்கு விசையைக் கொண்டு செல்லும் தண்டில் அது 90 சுற்றுக்கும் அதிகமான வேறுபாடு. ஆனால் இரண்டு தண்டுகளும் ஒன்றாகப் பூட்டப்பட்டுள்ளன. ஒன்றாகச் சுற்றியே ஆக வேண்டும்.

மணலிலும் சேற்றிலும் ஏதேனும் ஒரு சில்லு சறுக்கி அந்த வேறுபாட்டைத் தீர்த்துவிடும். எமது ஜீப் மணலில் நன்றாக ஓடியதன் காரணம் அதுவே. தார் வீதி சறுக்க விடாது. தண்டுகள் ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கேறும். நெம்புகோல் இறுகும். அந்நேரத்தில் வண்டியை நிறுத்திச் சிறிது தூரம் பின்னோக்கி ஓட்டியிருந்தால் முறுக்குத் தளர்ந்து நெம்புகோல் விடுபட்டிருக்கும். எமது சாரதிக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது. மிகவும் பலவீனமான இரும்பு முதலில் உடைந்தது.

அரைச் சில்லின் காலம்

1970 இல் வெளிவந்த ரேஞ்ச் றோவர், முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவிலும் ஒரு டிபரன்ஷியலை வைத்தது. எந்நேரமும் நான்கு சில்லிலும் இழுவை. ஆனால் முறுக்கு இல்லை. 1983 இல் வந்த நெட்டை லாண்ட் றோவரும் அவ்வழியைப் பின்பற்றியது. ஆயினும் அந்த நடு டிபரன்ஷியல் திருப்பங்களின் சிறு வேறுபாட்டுக்காகச் செய்யப்பட்டது. பொருந்தாத சில்லு நாள் முழுவதும் கொடுக்கும் வேறுபாட்டுக்காகச் செய்யப்பட்டதன்று.

இதற்கிடையில் கார் உற்பத்தியாளர்களின் எண்ணம் வேறு திசையில் ஓடியது. இடத்தையும் எடையையும் குறைப்பதற்காக 1967 இல் அமெரிக்காவின் பொன்ரியாக் ஃபயர்பேர்ட் காரில், காற்றில்லாமல் மடங்கிக் கிடக்கும் சிறிய மேலதிக ரயர் வந்தது. 1970 களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் எடை குறைப்பு அவசியமானது. மெலிந்த தற்காலிகச் சில்லு பரவலாயிற்று. மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் ஓடாதே என்ற எச்சரிக்கை அதிலேயே எழுதப்பட்டிருக்கும். இன்று பல கார்களில் அதுவும் இல்லை. ஒரு போத்தல் பசையும் சிறு காற்றுப் பம்பியும் வைத்து அனுப்புகிறார்கள்.

நான்கு சில்லிலும் இழுவை கொண்ட கார்களில் மெலிந்த சில்லு எவ்வளவு பொருந்தாதது என்பதை உற்பத்தியாளர்களே அறிந்திருந்தனர். தன்னியக்கக் கியர் கொண்ட பழைய சுபாரு கார்களில், தற்காலிகச் சில்லைப் பூட்டினால் ஒரு சிறிய மின்னுருகியைக் குறிப்பிட்ட இடத்தில் செருகிப் பின்சில்லுகளுக்கான இழுவையை நிறுத்திவிட வேண்டும். நான்கு ரயர்களின் சுற்றளவும் ஒன்றுக்கொன்று கால் அங்குலத்துக்கு மேல் வேறுபடக் கூடாது என்பதும் அந்நிறுவனத்தின் அறிவுரை. ஒரு சாண் எங்கே, கால் அங்குலம் எங்கே என்பதை எண்ணிப் பாருங்கள்.

கரடுமுரடான பாதைகளுக்கென்று கட்டப்படும் வண்டிகள் மாத்திரம் பழைய மரபைக் கைவிடவில்லை. 2019 இல் அறிமுகமான புதிய டிஃபெண்டரின் பின்கதவிலும் முழு அளவுச் சில்லே தொங்குகிறது.

பற்றாக்குறையின் பாடம்

இதையெல்லாம் எமது மக்கள் அறியாமலிருந்தார்கள் என்று சொல்வது நியாயமன்று. இல்லாமையே பெரும்பாலும் காரணமாக இருந்தது. 1970 களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு ரயருக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை அறிவேன். 1990 களில் பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பழைய ஒஸ்ரின் கார்களும் மொறிஸ் மைனர் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கிழிந்த ரயரினுள் வேறொரு ரயரின் துண்டை வைத்து ஓட்டியவர்களையும் கண்டிருக்கிறேன். அவர்களிடம் போய்ச் சில்லின் சுற்றளவு பற்றிப் பேச எவருக்கும் மனம் வராது. இருந்ததைப் பூட்டினார்கள், உயிரைக் காத்தார்கள். 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்படும் வரை நாடு முழுவதும் பழைய வண்டிகளே உழைத்தன.

ஆனால் இல்லாமை வேறு, அலட்சியம் வேறு. நான்கு புதிய பெரிய ரயர்களை வாங்க வசதி உள்ளவர், ஐந்தாவதை "சும்மா தொங்குவது" என்று விடுவது இரண்டாவது வகையைச் சேர்ந்தது. 2005 இல் நாங்கள் சென்ற ஜீப்பின் உரிமையாளரும் அதையே செய்திருந்தார் என்று பின்னர் அறிந்தேன்.

மருமகனுக்குச் சொன்னது

மருமகனின் ஜீப்பில் முன்பு இருந்தவை 265/70R16. இப்போது பூட்டியிருப்பவை 285/75R16. உயர வேறுபாடு 57 மில்லிமீற்றர். நான் அவருக்குச் சொன்னவற்றை இதே நிலையில் உள்ள வாசகர்களுக்காகவும் எழுதி வைக்கிறேன்.

ரயரின் அளவை மாற்றுவதானால் ஐந்தாக மாற்றுங்கள். ஐந்துக்குப் பணம் இல்லையெனில் அளவை மாற்றாதீர்கள். பெரிய சில்லு பின்கதவின் தாங்கியில் பொருந்துமா, அதன் எடையைக் கதவின் கீல்கள் தாங்குமா என்பதை ரயர் வாங்குவதற்கு முன்னரே பாருங்கள். ஐந்தையும் ஒழுங்கான இடைவெளியில் இடம் மாற்றிப் பூட்டினால் ஐந்தும் ஒன்றாகவே தேயும். அப்படியின்றிப் புதியதாகவே தொங்கவிட்டால், மற்றைய நான்கும் பாதி தேய்ந்த பின்னர் அதே எண் எழுதிய ரயரும் பொருந்தாத ரயராகிவிடும். வெயிலில் தொங்கும் இறப்பர் ஓடாமலே முதுமையடையும். பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2315 என்றால் 2015 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். காற்றையும் மாதம் ஒரு தடவை பாருங்கள்.

குட்டைச் சில்லுதான் கைவசம் உள்ளதென்றால், பின்சில்லுகள் மாத்திரம் இழுக்கும் நிலையில் ஓடக்கூடிய வண்டியில் அதனை முன்னச்சில் பூட்டுங்கள். பின்சில்லில் காற்றுப் போயிருந்தால் முன்சில்லொன்றைப் பின்னுக்கு மாற்றிவிட்டுக் குட்டையை முன்னுக்குப் போடுங்கள். இரண்டு தடவை ஜாக்கி அடிக்கும் சிரமந்தான். நான்கு சில்லு இழுவையைத் தார் வீதியில் தொடவே தொடாதீர்கள். மெதுவாக அடுத்த ரயர் கடை வரை மட்டும் ஓடுங்கள். எந்நேரமும் நான்கு சில்லிலும் இழுவை உள்ள வண்டியானால் அதன் கைநூலில் எழுதியுள்ளபடி செய்யுங்கள். கனடாவிலும் ஐரோப்பாவிலும் குளிர்காலத்துக்கு வேறு அளவு ரயர்களை மாற்றும் உறவுகளும் தமது மேலதிகச் சில்லை ஒரு தடவை அளந்து பார்ப்பது நல்லது. அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு வெண்கட்டித் துண்டும் அளவு நாடாவும் போதும்.

மருமகன் கணக்கைக் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், "மாமா, அந்த முகாமில பிள்ளையளுக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே?" என்று கேட்டார். இல்லை என்றேன். அடுத்த வாரம் ஐந்தாவது ரயரை வாங்கிப் பூட்டிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார்.

ஐந்து விரல்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்று எமது பெரியோர் சொல்வார்கள். அது விரலுக்குப் பொருந்தும். சில்லுக்குப் பொருந்தாது. ஓடுகின்ற நான்கினதும் தரத்தில் ஐந்தாவதும் இருக்க வேண்டும். ஏனெனில் அதனைத் தேடும் நாளில் நாம் வழியில் நிற்போம். எமக்காக எங்கோ யாரோ காத்திருப்பார்கள்.